மிளகாயில் சுருட்டை: இலையைத் திருப்பிப் பார்ப்போம்

(அறந்தாங்கியில் மிளகாய், காய்கறி சாகுபடி செய்யும் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன்னால் வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, ஒரு மிளகாய்க் கிளையைக் கையில் கொடுத்தார். "சார், சுருட்டை விழுந்துருச்சு. மூணு மருந்து அடிச்சாச்சு, கேக்கல. நாலாவதா என்ன அடிக்கலாம்?" என்றார். அந்தக் கிளை இதோ என் கையில் இருக்கிறது. இன்றைக்கு நான் பேச வந்ததும் இதைப் பற்றித்தான். நாலாவது மருந்து எது என்று பார்ப்பதற்கு முன்னால், முதல் மருந்தை எதற்காக அடித்தோம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தம்பியிடம் அதைக் கேட்டேன். "கடையில குடுத்தாங்க சார்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நம்மில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் நடக்கிறது. கடைக்கு இலையைக் கொண்டுபோவதில்லை. "சுருட்டை" என்ற சொல்லை மட்டும் கொண்டுபோகிறோம்.

அந்தச் சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. டைபாய்டும் காய்ச்சல்தான், மலேரியாவும் காய்ச்சல்தான், டெங்குவும் காய்ச்சல்தான். "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் மிளகாய்க் கொல்லையில் ஆகிறது. கொழுந்து சுருளுவதற்குச் சிலந்தி காரணமாக இருக்கலாம், இலைப்பேன் காரணமாக இருக்கலாம், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் காரணமாக இருக்கலாம், அசுவினி காரணமாக இருக்கலாம். பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லிகூடக் காரணமாக இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கேட்காது. கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சில நேரம் அதை வளர்த்தே விட்டுவிடும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1922-இல் பம்பாய் மாகாணத்தில் குல்கர்னி என்ற ஆராய்ச்சியாளர் மிளகாயின் "முர்டா" நோய் பற்றி எழுதினார். மராத்தியில் அந்தச் சொல்லுக்கு முறுக்கல் என்று பொருள். நம் பக்கத்தில் அதைத்தான் "முரணை" என்கிறோம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், இது பூச்சியா, சிலந்தியா, வைரஸா என்று படித்தவர்களே வாதாடினார்கள். மூன்றும் உண்டு, பல வயல்களில் மூன்றும் சேர்ந்தே உண்டு என்பதுதான் கடைசியில் தெரிந்தது. அவ்வளவு வாதத்துக்கு இடம் கொடுத்த நோயை, வரப்பில் நின்று இரண்டடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நாம் முடிவு செய்துவிட முடியாது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? இந்தக் கிளையையே எடுத்துக்கொள்வோம்.

இலையின் இரண்டு ஓரமும் கீழ்நோக்கி மடிந்திருக்கிறது. கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. இலை வெளுக்கவில்லை, பச்சை இன்னும் அழுத்தமாகத்தான் தெரிகிறது. விரலால் மடக்கினால் அப்பளம் மாதிரி முறிகிறது. காம்பைப் பாருங்கள், இலைக்குப் பொருந்தாத நீளம். எலிவால் மாதிரி நீண்டிருக்கிறது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் கொஞ்சம் பளபளப்பாக, பழுப்போடி இருக்கிறது. கண்ணுக்கு ஒரு பூச்சியும் தெரியவில்லை. அதனால்தான் அந்தத் தம்பி "பூச்சி ஒண்ணும் இல்ல சார், இது நோய்தான்" என்றார்.

பூச்சி இல்லை என்பது உண்மை. ஆனால் உயிர் இருக்கிறது. இங்கே மேசையில் இருப்பது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டிக்கொள்வாரே, அந்த மாதிரி. இதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை வெயில் பக்கம் திருப்பி, அடிப்பக்கத்து நடுநரம்பின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பொறுமையாக ஒரு நிமிஷம் பார்த்தால் மஞ்சள் கலந்த கண்ணாடித் துளி மாதிரி ஒன்று நகரும். அதுதான் மஞ்சள் முரணைச் சிலந்தி. வளர்ந்த பெண் சிலந்தியே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். பக்கத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முட்டையின் மேலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக, முத்துப் பதித்த மாதிரி இருக்கும். இன்னும் கவனித்தால் ஓர் ஆண் சிலந்தி, இன்னும் முழு வளர்ச்சி அடையாத பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். அது எங்கே ஓடும் தெரியுமா? அடுத்த கொழுந்துக்கு. முற்றின இலையில் அதற்கு வேலை இல்லை, அதன் வாய்க்குக் கொழுந்துதான் வேண்டும். அதனால்தான் சேதம் எப்போதும் உச்சியிலேயே தெரிகிறது.

இந்தச் சிலந்தியைப் பற்றி இரண்டு விஷயங்களை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சூடும் ஈரமும் கலந்த நாளில் ஒரு வாரத்துக்குள்ளேயே அது முட்டையிலிருந்து முட்டை வரைக்கும் ஒரு சுற்று முடித்துவிடும். அதனால், பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால் கணக்கே மாறிப்போகும். இன்னொன்று, அது வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிவிட்டுச் செடி போகும். சிலந்தியும் வைரஸும் ஒரே வயலில் சேர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம். தேயிலைத் தோட்டங்களிலும் இதே சிலந்தி உண்டு. மிளகாய்க்கு மட்டும் வாய்த்த எதிரி என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது அந்தத் தம்பி அடித்த மூன்று மருந்துகளுக்கு வருகிறேன். மூன்றும் பூச்சிக்கொல்லிகள். அதில் ஒன்று சைபர்மெத்ரின். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனத்திலேயே சேராது. பூச்சிக்குக் கொடுக்கிற பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. சைபர்மெத்ரின் போன்றவை அதைவிட மோசம். மிளகாய் இலையில் இந்தச் சிலந்தியைப் பிடித்துத் தின்கிற இன்னொரு சிலந்தி இருக்கிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான், நமக்கு நண்பன். இந்த மருந்து நண்பனைக் கொன்றுவிட்டு எதிரியை விட்டுவிடுகிறது. காசு கொடுத்து வேலியைப் பிரித்த கதைதான். மூன்று தடவை அடித்தும் கேட்கவில்லை என்று அந்தத் தம்பி சொன்னாரே, மூன்று தடவை அடித்ததால்தான் இந்த அளவுக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் கதை வேறு. ஓரங்கள் மேலே எழும்பி, நிமிர்த்தி வைத்த படகு மாதிரி இருக்கும். அடிப்பக்கத்தில் வெள்ளி பூசிய மாதிரி கோடுகள், பிறகு அவை பழுப்பாகும். காயிலும் சொறி விழுந்திருக்கும். இது இலைப்பேன். இதற்கு லென்ஸ்கூட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சின்னச் சின்னத் துரும்புகள் விழும். துரும்பு நடந்தால் இலைப்பேன்.

மிளகாய் இலைப்பேனுக்கும் நம் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1919-இல் ஹூட் என்ற அமெரிக்கர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அவர் கையில் இருந்த மாதிரிகள் கோயம்புத்தூரிலிருந்து போனவை. அந்தக் காலத்தில் கோவையில் இருந்து தென்னிந்தியாவின் இலைப்பேன்களை ஆராய்ந்தவர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர். பின்னாளில் சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உலகம் மதிக்கிற அறிஞர் ஆனார். 2005-இல் இதே கோவைப் பூச்சி அமெரிக்காவின் புளோரிடாவில் ரோஜாச் செடிகளில் நிலைகொண்டு, அங்கே பெரிய தலைவலியானது. இந்தப் பூச்சியைப் பற்றிய படிப்பு நம் ஊரில் ஆரம்பித்தது. அந்தப் படிப்பு நம் கொல்லைக்கு வந்துசேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வறட்சியும் வெயிலும் இலைப்பேனுக்குக் கொண்டாட்டம். நல்ல மழை ஒன்று பெய்தால் பாதி கழுவிப்போகும். நாற்றங்காலில் பூவாளியால் மேலோடு தண்ணீர் தெளிப்பதுகூட அதைக் குறைக்கும். அறந்தாங்கியிலிருந்து ஆலங்குடிப் பக்கம் போனால் நிலக்கடலை எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடலையிலும் இதே பேன் வாழும். கடலை அறுவடையாகிச் செடி காயும்போது அது பக்கத்துப் பச்சைக்குத்தான் கிளம்பும். வெங்காயத்தையும் மிளகாயையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதற்குக் காரணமும் அதுதான், இரண்டுக்கும் பேன் எதிரி. அதற்குப் பதிலாக அகத்தியை ஊடே நடச் சொல்கிறார்கள். அகத்தி நிழலும் தடுப்புமாக நின்று பேனைக் குறைக்கும். வீட்டுக்குக் கீரை, ஆட்டுக்குத் தழை.

இதில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2015-இல் பெங்களூரில் பப்பாளியில் முதலில் கண்ட கருநிற இலைப்பேன், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. 2021–22 பருவத்தில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாயை அழித்தது. குண்டூர், கம்மம் பக்கத்து விவசாயிகள் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். அது இலையைவிடப் பூவைத்தான் தேடும். பூவைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே கருப்பாகக் கூட்டமாக இருந்தால் தாமதிக்காமல் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

அடுத்தது வைரஸ். இதை உங்களுக்குப் புரியவைப்பது எனக்கு எளிது. வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேமல் விழுந்த உளுந்துச் செடிக்கு மருந்து இல்லை, பிடுங்குவதுதான் வழி, வெள்ளை ஈதான் அதைப் பரப்புகிறது என்று தெரியும். மிளகாய் இலைச்சுருள் வைரஸும் அதே குடும்பம், அதே வெள்ளை ஈ. உளுந்தில் பிடுங்குகிற நாம் மிளகாயில் மட்டும் ஏன் மருந்தடித்துக்கொண்டே இருக்கிறோம்? நாற்று வாங்கின காசும் ஊற்றின தண்ணீரும் மனத்தில் நிற்பதால், பிடுங்கக் கை வரவில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு செடி நின்றுகொண்டே அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வைரஸை ஒரு தடவை உறிஞ்சிய வெள்ளை ஈ, சாகிற வரைக்கும் அதைச் சுமந்து திரியும்.

வைரஸ் சுருட்டையிலும் இலை மேல்நோக்கித்தான் சுருளும். இலைப்பேனோடு குழப்பம் வருவது இங்கேதான். வித்தியாசத்தைச் செடி முழுவதிலும் பார்க்க வேண்டும். இலை சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறைந்து, செடி குட்டையாகப் புதர் மாதிரி நிற்கும். பூ உதிரும். அடியில் வெள்ளிக் கோடு இருக்காது, தாளில் தட்டினால் பேன் விழாது. வயலில் அங்கொன்று இங்கொன்றாக, பெரும்பாலும் ஓரத்தில் ஆரம்பிக்கும். பக்கத்துச் செடி பச்சையாகவே நிற்கும். சிலந்தி அப்படி இல்லை, ஓரிடத்தில் திட்டாக ஆரம்பித்து வட்டம் பெரிதாகும். அதனால் நான் எப்போதும் சொல்வது, இலையைப் பார்ப்பதற்கு முன்னால் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சேதம் எப்படிப் பரவி நிற்கிறது என்பதே பாதி விடை.

அப்படிச் சுற்றிவந்ததால் விடை கிடைத்த ஒரு வயலைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா கூப்பிட்டிருந்தார். அரை ஏக்கர் மிளகாய், நட்டு ஒன்றரை மாதம். நான் போனபோது ஒரு செடி பாக்கியில்லாமல் எல்லாமே முறுக்கி நின்றது. திட்டும் இல்லை, ஓரமும் இல்லை, ஒரே சீராக. கொழுந்து இலை ஒன்றைக் கிள்ளினேன். நாடா மாதிரி குறுகி நீண்டிருந்தது. நரம்புகள் கிளை பிரியாமல், விசிறி மடிப்பு மாதிரி இணையாக ஓடின. காம்பு ஒரு பக்கமாக வளைந்து, தண்டும் கோணியிருந்தது. லென்ஸில் ஒன்றுமில்லை, தாளில் ஒன்றுமில்லை. "ஆத்தா, கடைசியா என்னைக்கு மருந்தடிச்சீங்க?" என்று கேட்டேன். "அஞ்சாறு நாள் முன்னாடி, வேப்பெண்ணெய்தாம்ப்பா. தம்பி மெஷின வாங்கித்தான் அடிச்சேன்" என்றார். அந்த அம்மாவின் தம்பி அந்த மெஷினில் அதற்கு முதல் நாள் என்ன அடித்தார்? நெல் வயலில் களைக்கு 2,4-டி.

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நெல்லுக்கு ஒன்றும் செய்யாத அந்தக் களைக்கொல்லி, அகன்ற இலைச் செடிகளை முறுக்கிவிடும். மிளகாய், தக்காளி, பருத்தி மூன்றுக்கும் அது நஞ்சு. டேங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும். அந்த அம்மா அதற்குள் இரண்டு பேரிடம் கேட்டு, வைரஸ் மருந்து என்று ஒன்று வாங்கி வைத்திருந்தார். வைரஸுக்கு மருந்தே கிடையாது என்பது வேறு விஷயம். அதை அடிக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் தவறாமல் விடுங்கள் என்றேன். சில வாரங்களில் நேரான கொழுந்து வந்தது, ஆனால் முதல் காய்ப்பு போய்விட்டது. நெல்லும் மிளகாயும் ஒரே வீட்டில் சாகுபடி செய்கிற ஊர் நம் ஊர். களை மருந்துக்கு ஒரு தெளிப்பான், மற்றதற்கு ஒரு தெளிப்பான் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். களை மருந்து மெஷினுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள், இரவல் கேட்டு வருபவருக்கும் தெரியட்டும். காற்று வீசும் நேரத்தில் களைக்கொல்லி அடிக்காதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலை சுருண்டு, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால், எறும்பு ஏறினால், அது அசுவினி. கண்ணுக்கே தெரியும். மத்தியானம் மட்டும் இலை மடங்கி, சாயங்காலம் விரிந்துகொண்டால் அது நோயே இல்லை, வெயிலுக்குச் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. கொழுந்து நெளிந்து, காயின் நுனியும் கறுத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவைப் பாருங்கள். கொழுந்து நுனியே கருகி, இலை கட்டியாகி நொறுங்கினால் போரான் குறைவாக இருக்கலாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்தில் உப்புத் தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர்கள், எந்த மருந்துக்கும் முன்னால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இனி என்ன செய்வது? சிலந்தி என்று லென்ஸில் கண்டால் நனையும் கந்தகத்தூள் பழைய, நம்பகமான மருந்து. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது. டைகோஃபால் என்று ஒரு மருந்தை நம் அப்பா காலத்திலிருந்து சிலந்திக்கு அடித்து வந்தோம். 2023-இல் மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள். மற்ற சிலந்திக்கொல்லிகள் வேண்டுமென்றால், மிளகாய்க்கு என்று லேபிளில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். வெறுங்கையால் காய் பறிக்கிற நம் வீட்டுப் பெண்களுக்காக அந்த ஒரு வரியைக் கட்டாயம் படியுங்கள்.

பேனுக்கும் வெள்ளை ஈக்கும் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடியுங்கள். ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற கொட்டைக்குக் காசு கிடையாது. வைரஸுக்கு இருக்கிற ஒரே வைத்தியம் அது வராமல் பார்ப்பதுதான். நாற்றங்காலை நைலான் வலையால் மூடுங்கள். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ மிளகாய்க்கு முன்பே விதைத்துவிடுங்கள். வரப்பில் நிற்கிற துத்தியையும் பார்த்தீனியத்தையும் அழியுங்கள். நோய் கண்ட செடியைப் பிடுங்கும்போது ஒரு சாக்கால் மூடிப் பிடுங்கி, சாக்கோடு கொண்டுபோய்ப் புதையுங்கள். சும்மா பிடுங்கினால் அதில் இருக்கிற வெள்ளை ஈ எழும்பி அடுத்த செடியில் உட்காரும்.

இன்னும் ஒன்று, பலர் தவறு செய்கிற இடம் இது. சரியான மருந்து அடித்தாலும் ஏற்கனவே சுருண்ட இலை நிமிராது. சிலந்தி செத்த பிறகும் அது விட்ட எச்சில் நஞ்சின் தடம் அந்த இலையில் கடைசி வரை இருக்கும். மூன்றாம் நாள் பழைய இலையைப் பார்த்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று அடுத்ததை வாங்கப் போகாதீர்கள். புதிதாக வருகிற கொழுந்தைப் பாருங்கள். ஒரு கிளையில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். நூலுக்கு மேலே வருகிற இலை நேராக வந்தால் நீங்கள் சரியானதைச் செய்திருக்கிறீர்கள்.

அந்தத் தம்பியின் வயலுக்கு நாளைக் காலையில் போகிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம். உங்கள் கொல்லையிலும் சுருட்டை இருந்தால், இப்போது கூட்டம் முடிந்ததும் கிளையைக் கொண்டுவாருங்கள். பாதிக்கப்பட்ட செடியில் ஒரு கொழுந்து, நல்ல செடியில் ஒரு கொழுந்து, இரண்டும் வேண்டும். கடைசியாக என்ன அடித்தீர்கள், யார் மெஷினில் அடித்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். லென்ஸ் இந்த மேசையில்தான் இருக்கும். கடைசி ஆள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கிறேன்.